மண் ரோட்டுக்கு யார் காசு போடுறது?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை பக்கம் எங்க நகர்ல மூணு மாசமா ஒரே பேச்சு. மண் ரோட்டை சிமென்ட் ரோடு ஆக்கணும், காசு யார் தர்றது?

"வீட்டு வரி கட்டுறோம்ல, நகராட்சி போடட்டும்"னு பாதிப் பேர். "அதுக்குக் காத்திருந்தா பேரன் காலத்துலதான் ரோடு வரும், வீட்டுக்கு இவ்வளவுன்னு போட்டு முடிச்சிடுவோம்"னு மீதிப் பேர்.

டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்காதீங்க மக்களே, சொல்றேன்.

மழை வந்தா குழியை நிரப்ப உடைஞ்ச பீங்கானைக் கொட்டுறோம். நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்? ரெண்டு மழையில மண் கரைஞ்சு முனை மேல நிக்கும். பல வருஷமா சர்க்கரை இருக்கறவங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், குத்தினதே தெரியாது. செருப்பு ஈரமா இருக்கேன்னு பார்த்தா ரத்தம். அப்படிப் புண்ணு முத்தி வந்த ஒருத்தருக்குக் கட்டை விரலையே எடுக்க வேண்டியதாச்சு. சூளை வேலை, வாடகை வீடு.

(தெருக்குழியால டெங்கு வரும்னு நான் பயமுறுத்த மாட்டேன். ஏடிஸ் கொசு பெரும்பாலும் நம்ம வீட்டு டிரம்லயும் பூந்தொட்டித் தட்டுலயும்தான் முட்டை போடுது.)

இப்போ காசுக்கு வருவோம். ரோடு நகராட்சியோட பொறுப்புங்கறதுல சந்தேகமே இல்ல. அரசியலமைப்போட 12ஆம் அட்டவணையிலேயே சாலைகள் இருக்கு. அதோட, 2017 விதிகள்படி மனையை வரன்முறைப்படுத்தினவங்க அபிவிருத்திக் கட்டணம் கட்டியிருக்கோம். அது அடிப்படை வசதிக்காக வாங்கின பணம். முதல்ல ரசீதை எல்லாம் சேர்த்து மனு கொடுத்து, "அந்தப் பணத்துல எங்க தெருவுக்கு என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்கணும். இதை இதுவரைக்கும் நாம எழுத்துல கேட்கவே இல்ல. டீக்கடையில மட்டும்தான் கேட்டிருக்கோம்.

நமக்கு நாமே திட்டம் 1997-98ல வந்தது, 2021ல மறுபடி கொண்டுவந்தாங்க. பொதுவா மூணுல ஒரு பங்கு மக்கள் போடணும், மீதி அரசு. நல்ல திட்டம்தான், நான் எதிர்க்கல. எனக்குப் பிரச்சினை "வீட்டுக்கு இவ்வளவு"ங்கற கணக்குலதான்.

ஒரு உதாரணத்துக்கு 9 லட்சம் வேலைன்னு வைங்க. நம்ம பங்கு 3 லட்சம். 30 வீடுன்னா வீட்டுக்கு 10 ஆயிரம். மாடி வீட்டுக்காரருக்கும் 10, விரல் போனவருக்கும் 10. ஆனா சென்னையில இருந்துக்கிட்டு இங்க மூணு காலி மனை வச்சிருக்கறவருக்கு? வீடே இல்லையே, அதனால சைபர்! ரோடு வந்ததும் முதல்ல விலை ஏறுறது அவர் மனைதான். வாடகைக்காரருக்கு ஏறுறது வாடகை.

அதனால மனையோட முன்பக்கம் எத்தனை அடியோ அந்தக் கணக்குல பிரிங்க, காலி மனையையும் சேர்த்து. குடியிருக்கறவர்கிட்ட கேட்காதீங்க, உரிமையாளர்கிட்ட கேளுங்க. முடியாதவங்க பங்கை முடிஞ்சவங்க போடுவோம், பேரை போர்டுல எழுதாம. இன்னொண்ணு, வடிகால் இல்லாம ரோட்டை மட்டும் உசத்தினா தண்ணி பள்ளத்து வீடுகளுக்குள்ளதான் போகும். மதிப்பீட்டுலயே அதைச் சேர்க்கச் சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நான் வர்றேன். என் மனை 40 அடி, அதுக்கான பங்கு தயார். அதுவரைக்கும் தயவுசெஞ்சு குழியில பீங்கான் கொட்டாதீங்க, கிராவல் அடிங்க. சர்க்கரை இருக்கறவங்க ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்காலை ஒரு தடவை பாருங்க. குனிய முடியலன்னா கண்ணாடியை வச்சுப் பாருங்க.