கேமரா ஏன் ஒரே பக்கம் பார்க்கிறது?

"கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது." கல்லூரிக் கருத்தரங்குகளில் இதை இன்றும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். கைத்தட்டலும் கிடைக்கிறது. 2021 மார்ச்சில் அந்தக் கம்ப்யூட்டருக்கு டெல்லியிலிருந்தே சாதி சொல்லிக்கொடுத்த கதையை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை. நாம் சொல்லிவிடுவோம்.

நூறு நாள் வேலைக் கூலியை எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என மூன்றாகப் பிரித்துப் போடும்படி ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அப்போது மாநிலங்களுக்கு எழுதியது. ஒரே வாய்க்காலில் ஒரே வாரம் மண் வெட்டியவர்களுக்கு மூன்று பட்டியல், மூன்று நிதிக் கணக்கு. எந்தக் கணக்கில் பணம் இருந்ததோ அவர்களுக்குக் கூலி முதலில் வந்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள். "அவங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" என்று பக்கத்துத் தெரு கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஆண்டு முடிவதற்குள் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளையை ஒழிக்க நாம் பல பத்தாண்டுகள் போராடினோம். சர்வரில் மூன்று குவளை வைக்க ஒரே ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது.

உடனே நம்மைத் தொழில்நுட்ப எதிரிகள் என்று முத்திரை குத்த வேண்டாம். பழைய காகிதப் பதிவேட்டுக் காலம் ஒன்றும் பொற்காலம் இல்லை. செத்தவர்கூட வந்து மண் வெட்டிவிட்டுப் போன காலம் அது. இயந்திரமே தீது என்ற காந்தியின் வாதத்தை அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. உழைக்கிற மனிதனுக்கு ஓய்வும் பண்பாடும் கிடைக்க இயந்திரம் வேண்டும், கோளாறு அதன் பலனைச் சிலரே அள்ளிக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது என்றார். நம் கேள்வியும் அதே வழியில்தான் வருகிறது. இந்தச் செயலிகளின் கேமரா யாரைப் பார்க்கிறது? யாரைப் பார்ப்பதே இல்லை?

என்.எம்.எம்.எஸ். செயலியை எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதம் தொடங்கி, 2023 ஜனவரி 1 முதல் ஏறத்தாழ எல்லா நூறு நாள் வேலைத்தளங்களிலும் கட்டாயமானது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், இரண்டிலும் இடக்குறியீடு. படம் ஏறினால்தான் வருகை. வாய்க்கால் தூர்வாரும் பெண்கள் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டாலும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத இடத்தில் பொறுப்பாளர் போனை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்கிறார். "ஆயா, கொஞ்சம் நில்லு, ஏறலை." ஆயா நிற்கிறார். நாள் முழுக்கக் குனிந்து வெட்டிய மண்ணைச் செயலி கேட்பதில்லை. நிமிர்ந்து நின்ற ஒரு நிமிடத்தைத்தான் கேட்கிறது.

இத்தனைக்கும் பிறகு திருட்டு நின்றதா? அமைச்சகமே பதில் சொல்லியிருக்கிறது. 2025 ஜூலை 8 தேதியிட்ட சுற்றறிக்கையில், செயலியை ஏமாற்றும் ஏழு வழிகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுவது ஒன்று. படத்தையே படம் பிடிப்பது இன்னொன்று. பட்டியலில் பெண்கள், படத்தில் ஆண்கள். ஒரே ஆள் பல பட்டியல்களில். பிற்பகல் படமே இல்லை. போலிப் பெயரை ஒழிக்க வந்த செயலி போலிப் படத்தைப் பெற்றெடுத்துவிட்டது. இதற்கு அவர்கள் கண்ட மருந்து என்ன? ஏறிய படங்கள் அனைத்தையும் ஊராட்சி மட்டத்தில் ஆட்கள் உட்கார்ந்து கண்ணால் சரிபார்க்க வேண்டுமாம். நான்கு ஆண்டுகள் சுற்றிவிட்டு மனிதக் கண்ணுக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். வாழ்க டிஜிட்டல் இந்தியா.

நம் காரைக்காலுக்கு இந்தச் சோதனை புதிதில்லை. 2015 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்ட அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் போடும் திட்டம் வந்தபோது, நாட்டின் முதல் சோதனை எலிகள் சண்டிகரும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியும்தான். இடைத்தரகர் ஒழிவார், பணம் நேராக வரும் என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், நாகை மாவட்டத்தில், ரேஷன் கடையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நமக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. சிலருக்கு அதுவும் வரவில்லை. ஆதார் ஒரு கணக்கில், பாஸ்புக் இன்னொரு கணக்கில், பணம் எந்தக் கணக்கில் என்று யாருக்கும் தெரியாது. எஸ்.எம்.எஸ்ஸை உலையில் போட்டுப் பார்த்தால் வேகாது. அரிசிதான் வேண்டும் என்று தெருத் தெருவாகக் கேட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபரில்தான் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. அந்த ஒன்பது ஆண்டுகளில் அரிசி கேட்டவர்களைப் "பழைய பஞ்சாங்கம்" என்று கிண்டல் செய்த நிபுணர்களை இப்போது எங்கும் காணோம். அவர்களுக்கு ஒரு இடக்குறியீடு வைத்திருக்கலாம்.

இப்போது கேமராவைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம்.

வேலை கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்கிறது சட்டம். கூலியை 15 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் 16-ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. நாளுக்கு 336 ரூபாய் வீதம் ஆறு நாள் கூலி 2,016 ரூபாய். அதற்கு ஒரு நாள் தாமத இழப்பீடு, சுமார் ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயையாவது ஒழுங்காக எண்ணினார்களா? மாநில அலுவலகங்களில் ஆகும் தாமதத்தைக் கம்ப்யூட்டர் எண்ணியது. பட்டியல் டெல்லிக்குப் போனபின் அங்கே கிடக்கும் நாட்களை எண்ணும்படி அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில், அந்தத் தாமதத்துக்கான பொறுப்பிலிருந்து ஒன்றிய அரசு நழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பிற்பகல் படம் வராவிட்டால் ஆயாவின் கூலி போகிறது. கூலி வராவிட்டால் எந்த அதிகாரியின் போனும் அலறுவதில்லை. சாதிவாரியாகக் கூலியைப் பிரிக்கத் தெரிந்த மென்பொருளுக்குப் பதினாறாம் நாள் மணி அடிக்கத் தெரியாதா?

நெரவியில் ஓ.என்.ஜி.சி.யின் காவிரி அசெட் அலுவலகம் இருக்கிறது. பூமிக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஆழத்தில் கிடக்கும் எண்ணெயைக் கண்டுபிடிக்கும் அறிவியல் நம் ஊர் வாசலிலேயே இருக்கிறது. தரைக்கு மேல் நிற்கும் ஆயாவைத்தான் தினம் இருமுறை தேட வேண்டியிருக்கிறது. சரி, கொம்யூன் பஞ்சாயத்து உறுப்பினரிடம் முறையிடலாம் என்றால் அப்படி யாரும் இல்லை. 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 2011-ல் பதவிக்காலம் முடிந்தது, அதோடு சரி. செயலிகள் அடிக்கடி அப்டேட் ஆகின்றன. நம் உள்ளாட்சி ஜனநாயகம் பழைய வெர்ஷனிலேயே தொங்கி நிற்கிறது.

தொழில்நுட்பத்தைத் திருப்பிப் பிடிக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் போன்ற அமைப்புகளின் நீண்ட அழுத்தத்தால் 2019 செப்டம்பரில் ஜன் சூச்னா தளம் வந்தது. யாருக்கு எவ்வளவு ரேஷன், எந்த ஊரில் என்ன வேலை, எவ்வளவு செலவு என்பதை மக்கள் மனுப் போடாமலே பார்க்கலாம். அங்கே அரசு படத்துக்கு நிற்கிறது, மக்கள் பார்க்கிறார்கள். நமக்கும் அதுதான் வேண்டும்.

மாணவத் தோழர்களே, ஏப்ரல் 14 அன்று நம் எல்லோருடைய முகப்புப் படமும் நீலமாகிறது. அழகுதான், தொடரட்டும். மீதி 364 நாளுக்கும் அதே போனுக்கு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் வேலை கேட்பவருக்குத் தேதியிட்ட ரசீது வாங்கிக்கொடுங்கள். அது அவர் உரிமை. ரசீது இல்லையென்றால் பதினைந்து நாள் கணக்கு தொடங்கவே தொடங்காது. வேலை அட்டை எண்ணைப் போட்டு வருகை நாட்களைத் திறந்து, அவருக்குப் புரியும்படி சத்தமாகப் படித்துக்காட்டுங்கள். கூலி வரவேண்டிய தேதியை உங்கள் போனில் குறித்து வையுங்கள். பதினாறாம் நாள் அரசின் செயலி அடிக்காத மணியை நீங்கள் அடியுங்கள், எழுத்தில், மனுவாக. ஒருவருக்காக ஒருவர் போனால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். ஐம்பது பேருக்கு ஐம்பது ரசீதோடு போனால் நாற்காலி போடுவார்கள்.

அப்போது மறக்காமல் ஒரு படம் எடுங்கள். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. ஆயாவை எடுக்க வேண்டாம். மனுவை வாங்குகிற மேசையை எடுங்கள்.

ஜெய் பீம்!