மூட்டையும் முஷ்டியும்

போடிநாயக்கனூரில் சாக்குக்குப் பஞ்சமில்லை. ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் அல்லவா? அங்கே மூட்டை தூக்குகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் ஒரு வாலிபன் சாக்கில் கந்தலை அடைத்து உத்தரத்தில் தொங்கவிட்டு, அதை முஷ்டியால் குத்தத் தொடங்கினால், "பையனுக்கு என்ன வந்துவிட்டது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கலவரமடைகிறார்கள்.

கலவரம் அநாவசியம் என்பது நமது அபிப்பிராயம். சிலம்பத்தோடு கூடப் பிறந்த நமது குத்துவரிசைக்கு எதிராளி வேண்டும். வட சென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து நின்று குத்துச்சண்டை போட்டார்கள். அங்கே எதிராளிக்குக் குறைவிருந்ததில்லை. மலைச்சரிவில் ஏலத்தோட்டத்து வேலை முடிந்து அந்திவேளையில் தனியே நிற்கும் பையன் யாரோடு பழகுவான்? மூட்டையோடுதான். இது நேற்று வந்த வழக்கமுமல்ல. பழைய கிரேக்கர்கள் 'கோரிகோஸ்' என்னும் பையைத் தொங்கவிட்டுப் பழகினார்கள். பலவீனர்களுக்கு அதில் அத்தி விதையோ மாவோ, பலசாலிகளுக்கு மணல்.

நம் பிள்ளைகளுக்கு மணல் வேண்டாம். அது அடியில் தங்கிக் கல்லாகிவிடும். அதன்மேல் கோணலாகக் குத்தினால் சுண்டுவிரலை ஒட்டிய உள்ளங்கை எலும்பு முறியும். வைத்தியர்கள் இதற்குக் 'குத்துச்சண்டைக்காரன் முறிவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். (வேடிக்கை என்னவென்றால், தேர்ந்த குத்துச்சண்டைக்காரனைவிடக் கோபத்தில் சுவரைக் குத்துகிறவனுக்கே இது அதிகம் நேருகிறது!) பழந்துணியே உத்தமம். மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் துணிநாடாவை இறுகச் சுற்றிக்கொள்ள வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் முட்டிகளே மூட்டையில் பட வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது.

இனி மூட்டையே வாத்தியார். கையால் தள்ளினால் அது ஊஞ்சல்போல் ஆடிப் போய்விடும். சுருக்கென்று குத்திக் கையை மீட்டுக்கொண்டாலோ, பெரும்பாலும் நின்ற இடத்திலேயே அதிரும். குத்தின் வலிமை புஜத்தில் பிறப்பதில்லை. குதிகாலில் பிறந்து, இடுப்பு திரும்பும்போது தோளுக்கு ஏறுகிறது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டையூசி வளைவுகளையும் நடந்து ஏறுகிறவனுக்கு, கையைக் காட்டிலும் காலடி முக்கியம் என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்று நிமிஷம் குத்து, ஒரு நிமிஷம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று ஆரம்பத்தில் தாராளம். களைப்பில் கைபோன போக்கில் போடும் நூறு குத்தைவிட, நிதானமாகப் போடும் பத்து மேல்.

இந்த வாத்தியாரிடம் ஒரு பெரிய குறை உண்டு. மூட்டை திருப்பி அடிப்பதில்லை! ஆகையால் காவலாக நிற்க வேண்டிய இடக்கை மெல்ல இறங்கிவிடும், மோவாய் நிமிர்ந்துவிடும். மாதக்கணக்கில் தனியே பழகியவன் முதன்முதலாக ஓர் ஆளை எதிர்க்கையில் ஏமாறுவது இதனால்தான். வாரம் ஒரு நாளாவது மலையிறங்கி, கண்ணுள்ள ஒரு வாத்தியார் முன்னால் நின்றாக வேண்டும்.

பெண் குழந்தைகளுக்கும் இதையெல்லாம் சொல்லுகிறோம். பெண்களின் குத்துச்சண்டை 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்ந்தபோதே, மணிப்பூரின் மேரி கோம் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார்.

வீட்டு உத்தரம் பழசாயிருந்தால் மட்டும் தயவுசெய்து அதை விட்டுவிட்டு, கொல்லையில் உறுதியான வேப்பங்கிளை ஒன்றைப் பார்த்துக்கொள்ளவும்.