சமமாக நிற்கும் இரு விசைகள்: ஆகாய விமானமும் கிராமப் பள்ளியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் உள்ளன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை இராச்சியத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால் இவ்வெல்லைக் கிராமங்களின் குழந்தைகள் வீட்டில் ஒரு மொழியும் வெளியே மற்றொரு மொழியும் கேட்டு வளர்கின்றனர். திருவனந்தபுரம் விமான நிலையம் அருகிலிருப்பதால் ஆகாய விமானம் அவர்களுக்குப் புதுமைப் பொருளன்று. ஆனால் நாள்தோறும் காணும் பொருளைப் பற்றித்தான் தவறான எண்ணம் ஆழமாக வேரூன்றுகிறது.

உயர்நிலை வகுப்பு மாணாக்கர் ஒருவரிடம் எளிய வினா ஒன்றைக் கேட்கலாம். ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், நேர்கோட்டில் பறக்கும் விமானத்தில் உந்துவிசை பெரிதா, காற்றின் எதிர்விசை பெரிதா? "உந்துவிசையே பெரிது, இல்லையேல் விமானம் எவ்வாறு முன்னே செல்லும்?" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இவ்விடை தவறு. அந்நிலையில் இரு விசைகளும் முற்றிலும் சமம். உந்துவிசை சற்று மிகுந்தால் விமானத்தின் வேகம் கூடிக்கொண்டே போகும். குறைந்தால் வேகம் தணியும். வேகத்தை மாற்றுவதற்குத்தான் விசை மிச்சம் வேண்டும். வேகத்தைக் காப்பதற்கு மிச்சம் வேண்டுவதில்லை. 1687-இல் நியூட்டன் வெளியிட்ட இயக்க விதிகளின் சாரம் இதுவே.

மாணாக்கரின் தவறு அறியாமையால் வந்ததன்று, அனுபவத்தால் வந்தது. மாடு நின்றால் வண்டி நிற்கிறது; கால் ஓய்ந்தால் சைக்கிள் நிற்கிறது. ஆகவே, இயக்கம் நீடிக்க மிகுதியான விசை வேண்டும் என்று மனம் முடிவு செய்கிறது. வண்டியை நிறுத்துவது உராய்வு என்னும் மற்றொரு விசை. அது கண்ணுக்குப் புலப்படாமையால் கணக்கில் வருவதில்லை. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்விப்பதால் இவ்வெண்ணம் அகலாது. தேர்வில் சரியான சூத்திரமும் மனத்தில் தவறான கொள்கையுமாக மாணாக்கர் பள்ளியை விட்டுச் செல்வர். இதுவே வருந்தத்தக்கது.

இவ்விடத்தில் கலைச்சொல்லும் குழப்பத்துக்குத் துணை செய்கிறது. விமானத்துக்கு எதிராகக் காற்று செலுத்தும் விசையை 'இழுவை' என்று எழுதுவது உண்டு. ஆனால் கடற்கரைக் குழந்தைக்கு இழுவை என்றால் இழுவைப் படகும் இழுவை வலையும் நினைவுக்கு வரும். அவை பொருளைத் தாம் செல்லும் திசையில் இழுத்துச் செல்வன. அதே சொல்லைப் பின்னோக்கிய விசைக்கு வழங்கினால் திசை மயங்குவது இயல்பே. ஆகவே கீழ் வகுப்புகளில் 'காற்றுத் தடை' என்றும், மேல் வகுப்புகளில் 'பின்னிழுவை' என்றும் வழங்குவது நலம். எச்சொல்லைக் கொண்டாலும் ஒரு பள்ளியில் ஒரு சொல்லே நிலைக்க வேண்டும். இரு மொழிகளுக்கிடையே வாழும் குழந்தைக்கு மூன்று சொற்களைச் சுமத்துவது கல்வியாகாது.

சொல் திருந்தியபின் பொருள் விளங்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நெய்யாற்றில் இடுப்பளவு நீரில் நடந்தவர் யாவரும் பின்னிழுவையை உடலால் அறிந்தவரே. மெல்ல நடந்தால் நீர் வழிவிடுகிறது, விரைந்தால் தடுக்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தி மிக்கது. அதனால் விமானம் பெருவேகத்தில் உணரும் தடையை மனிதர் நடைவேகத்திலேயே நீரில் உணர முடிகிறது. களத்தில் நெல் தூற்றும் உழவர் இவ்விசையை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். பதர் எடை குறைந்தது. காற்று அதனை ஒதுக்கிச் செல்கிறது. மணி எடை மிகுந்தது, நேரே விழுகிறது. கிராம ஊழியர் உழவரிடம் விஞ்ஞானம் பேச வேண்டுமாயின் தொடங்கத்தக்க இடம் தூற்றும் களமே.

வகுப்பறைக்கு ஏற்ற சோதனை ஒன்று உண்டு. செய்தித்தாளில் ஒரே அளவுள்ள ஐந்து அகன்ற கூம்புகள் செய்க. ஒன்றைத் தனியே வைத்து, மற்ற நான்கினையும் ஒன்றனுள் ஒன்றாகச் செருகுக. கூர்முனை கீழ்நோக்க, தனிக் கூம்பை ஒரு மீட்டர் உயரத்திலிருந்தும் நாலடுக்குக் கூம்பை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் விடுக. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தரையைத் தொடும். நாலடுக்குக் கூம்பு வேகம் பெறச் சற்று நேரம் கொள்வதால் சிறிது பிந்தலாம். இச்சோதனை இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. முதலாவது, கூம்பு சிறிது தூரம் விழுந்தபின் மாறா வேகத்தில் இறங்குகிறது. அப்போது எடையும் தடையும் சமம், எனினும் கூம்பு நின்றுவிடவில்லை. இரண்டாவது, எடை நான்கு மடங்கானபோது வேகம் இரு மடங்கே ஆகிறது. அதாவது, வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. விமானத்தைப் பற்றிய பாடத்தின் பாதி இதில் அடங்கியுள்ளது.

மறுபாதி விமானத்துக்கே உரியது. இறக்கை விமானத்தை உயர்த்தும்போது அவ்வுயர்த்தலின் விலையாகவும் ஒரு பின்னிழுவை தோன்றுகிறது. இது வேகம் குறையும்போது மிகுவது. ஒன்று வேகத்தோடு வளர, மற்றது வேகத்தோடு தேய, இரண்டும் சமமாகும் வேகத்தில் மொத்தப் பின்னிழுவை மிகக் குறைவாக இருக்கும். ஆகவே மிக மெல்லப் பறப்பதற்கும் மிகுந்த உந்துவிசை வேண்டும் என்னும் வியப்பான முடிவு கிடைக்கிறது.

அளவுகளையும் மாணாக்கர் அறிதல் வேண்டும். எழுபது டன் எடையுள்ள பயணி விமானம் ஒன்றைக் கொள்வோம். உயரத்தில் அதன் பின்னிழுவை எடையில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு, அதாவது சுமார் நான்கு டன். அதனைச் சமன்செய்ய நான்கு டன் உந்துவிசையே போதும். ஓடுபாதையில் விரைவு பெற்று மேலேறுவதற்கோ இரு எஞ்சின்களும் சேர்ந்து இருபது டன்னுக்கு மேல் தர வேண்டியுள்ளது. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதில் முப்பது விழுக்காடே. விமானங்கள் அவ்வளவு உயரத்தை நாடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இத்துறையின் வரலாறும் இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று. 1935-இல் டாட்டா நிறுவனம் பம்பாயையும் திருவனந்தபுரத்தையும் விமானத்தால் இணைத்தது. அக்காலத்தில் இந்நாட்டில் பறந்த ஃபாக்ஸ் மாத் போன்ற விமானங்களில் இரட்டை இறக்கைகளும், அவற்றிடையே தாங்குகோல்களும் கம்பிகளும், மடங்காத சக்கரங்களும் இருந்தன. ஒவ்வொன்றும் காற்றைத் தடுத்தது. இன்றைய விமானத்தின் வழுவழுப்பான வடிவம் அத்தடைகளை ஒவ்வொன்றாக நீக்கியதன் பயனாகும். வழுவழுப்பான பரப்பிலும் காற்று உராய்கிறது. அவ்வுராய்வை ஊகத்தால் அல்லாமல் நேரடியாக அளந்தவர்களுள் ஓர் இந்தியர் உள்ளார். சதீஷ் தவான் கலிபோர்னியாவில் 1951-இல் முடித்த ஆராய்ச்சியில், தகட்டின் ஒரு சிறு பகுதியைத் தனியே அசையுமாறு அமைத்து, அதன்மேல் காற்றின் உராய்வு விசையை அளந்தார். பிற்காலத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் எழுந்த தும்பாவும் இக்கிராமங்களுக்குத் தொலைவிலுள்ள இடமன்று.

கிராமத்துக் குழந்தைக்கு இவ்வறிவு எதற்கு என்று சிலர் வினவலாம். குழந்தைகள் யாவரும் விமானியாகப் போவதில்லை என்பது உண்மையே. ஆனால் இதே விதி நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்துக்கும் உரியது. வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும்; அத்தடையை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். வீணாக விரையும் வண்டி எரிபொருளை வீணாக்குவது ஏன் என்பதற்கு விடை இங்கே உள்ளது. மேலும், கண்ணுக்குத் தெரியாத விசையையும் கணக்கில் கொள்ளப் பழகிய மனம் எப்பொருளிலும் அவசர முடிவுக்கு வராது. அப்பழக்கம் விமானிக்கு மட்டுமன்று, வாக்காளருக்கும் உழவருக்கும் வேண்டியதே.

ஆகவே ஆசிரியர்கள் சூத்திரத்துக்கு முன்னே சமநிலையைக் கற்பிக்க வேண்டும். கரும்பலகைக்கு முன்னே காகிதக் கூம்பைக் கொணர வேண்டும். குழந்தைக்குத் தெரிந்த மொழியில், ஒரே சொல்லை உறுதியாக வழங்க வேண்டும். அடுத்த முறை ஊருக்கு மேலே விமானம் செல்லும்போது மாணாக்கர் அண்ணாந்து நோக்கி, "இரு விசைகளும் சமமாயிருப்பதால்தான் அது ஒரே வேகத்தில் போகிறது" என்று தம்முள் கூறிக்கொள்வாராயின் பாடம் பயன்தந்தது எனலாம்.