போன வருசம் எவ்வளவுக்கு முடிஞ்சுது?

திண்டிவனம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு பிரவுசிங் சென்டர். ஜூன் மாத முற்பகல். மல்லாட்டை மூட்டையைக் கமிட்டியில் இறக்கிவிட்டு வந்திருந்த ஒருவர், மகளின் மதிப்பெண் பட்டியலை நீட்டினார். கணக்கு 94, இயற்பியல் 88, வேதியியல் 87. கணினிக்கு முன்னால் இருந்த பையன் கணக்கை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் வாய்க்குள்ளேயே கூட்டி, "நூத்தி எண்பத்தொண்ணரைங்க ஐயா" என்றான். இருநூறுக்கு அவ்வளவு. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "போன வருசம் கிண்டியில எவ்வளவுக்கு முடிஞ்சுது தம்பி?" பஞ்சாங்கத்தைப் புரட்டி நாள் பார்ப்பவரின் நம்பிக்கையும் பயமும் அந்தக் குரலில் இருந்தன. பக்கத்தில் நின்ற மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மண்ணில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்றொரு ஊர் உண்டு. காளமேகப் புலவர் பிறந்த ஊர் என்று சொல்லிக்கொள்வார்கள். அங்குள்ள பெருமாள் கோயிலில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 340 மாணவர்கள் தங்கிப் படித்த கல்விச்சாலையின் கணக்கைச் சொல்கிறது. ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுர் வேதத்துக்கு 75 பேர், ரூபாவதாரம் என்ற இலக்கண நூலுக்கு 40 பேர், அதர்வ வேதத்துக்குப் பத்தே பேர். மேல்நிலையில் வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. இளையோருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மேற்படிப்பினருக்கு அதைவிடக் கூடுதல். எந்தப் படிப்புக்கு எத்தனை இடம் என்று இன்று கலந்தாய்வுக்கு முன் வெளியாகும் பட்டியலை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பார்ப்பது போலிருக்கும். ஒரு வித்தியாசம், அந்த 340 இடங்களுக்கு யார் வரலாம் என்பதைக் கல்வெட்டு விவாதிக்கவில்லை. பிறப்பே அதை முன்கூட்டி முடித்துவைத்திருந்தது. அந்த ஆறு நாழி நெல்லை விளைவித்தவனின் பிள்ளைக்கு எவ்வளவுக்கு முடிந்தது என்று கேட்கவே வழியில்லை.

கேட்கும் வழி திறந்தபோது அளவுகோலைப் பற்றிய சண்டையும் கூடவே வந்தது. 1794இல் கோட்டையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் கிண்டிக்குப் போன பொறியியல் கல்லூரிக்கு, குடியரசு பிறந்த கையோடு சி.ஆர். சீனிவாசன் என்ற மாணவர் விண்ணப்பித்தார். 450க்கு 369 வாங்கியிருந்தார். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையோ ஒவ்வொரு 14 இடங்களையும் ஆறு, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று என்று சமூகங்களுக்குப் பங்கிட்டிருந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட செண்பகம் துரைராஜனின் வழக்கோடு சேர்த்து அவர் வழக்கிலும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதென்றது. இரண்டே மாதத்தில் அரசியல் சட்டமே முதல் முறையாகத் திருத்தப்பட்டது. ஒரு பொறியியல் சீட்டுக்கும் ஒரு மருத்துவ சீட்டுக்கும் நடந்த வழக்கு நாட்டின் சாசனத்தைத் திருத்தவைத்தது என்பதை இன்று கட்-ஆஃப் பார்க்கும் வீடுகள் நினைப்பதில்லை. நினைக்க நேரமும் இல்லை.

பிறகு கோல்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்ததும் அதே ஆண்டுகளில்தான். 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டத்தில் இந்த வட்டாரத்துச் சாலைகள் ஒரு வாரம் மரங்களால் மறிக்கப்பட்டன. இருபத்தொரு உயிர்கள் போயின. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் வந்தது. அந்தச் சாலைகளில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தரவரிசைப் பட்டியலில் தங்கள் பிரிவின் பத்தியைத் தேடுகிறார்கள். 1997இல் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு. 2006இல் நுழைவுத்தேர்வை நீக்கச் சட்டம். 2018இல் கலந்தாய்வு இணையத்துக்குப் போனது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம். கிண்டி மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்து, அரங்கின் திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்த தலைமுறைக்கு இன்றைய 'சாய்ஸ் ஃபில்லிங்' சப்பென்றுதான் இருக்கும். ஆனால் விழுப்புரம் சந்திப்பில் விடியற்காலை ரயிலுக்கு நின்ற களைப்பு இப்போது இல்லை. அதை நான் நல்லதென்றே சொல்வேன்.

போன வருசக் கணக்கு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? மதிப்பெண்ணை விடத் தரவரிசையைப் பார்ப்பதே மேல். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் 181.5 பல ஆயிரம் பேருக்குப் பின்னால் போய்விடும். கடினமான ஆண்டில் அதே எண் முன்னால் வந்து நிற்கும். 2021இல் தேர்வே நடக்காமல் பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 என்ற விகிதத்தில் மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டை வைத்து அடுத்த ஆண்டைக் கணித்தவர்கள் ஏமாந்தார்கள். பஞ்சமும் இடம் மாறிவிட்டது. ஒரு காலத்தில் பொறியியல் சீட் என்பதே அரிது; இன்று எத்தனையோ கல்லூரிகளில் நாற்காலிகள் காலி, கிண்டியும் கணினி அறிவியலும் மட்டும் எட்டாக்கனி. 2008இல் விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகமே உறுப்புக் கல்லூரிகளைத் திறந்தது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், அரசுக் கட்டணத்தில், அதே பல்கலைக்கழகப் பட்டம். எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில் உழவர் பிள்ளைக்கென்று அப்படி ஒன்று முளைக்க ஆயிரம் ஆண்டுகள் ஆயின. ஆனாலும் அப்பாக்கள் கிண்டியைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதில் தவறென்ன?

பையன் கிண்டிக் கணக்கைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் இறங்கியது. "காகுப்பம் போடு, மேல்பாக்கமும் போடு" என்றாள் மகள், அப்பாவைப் பார்க்காமல். "அதுக்கு இன்னும் நாள் இருக்குக்கா, இப்ப ரேண்டம் நம்பர்தான் வந்திருக்கு" என்று அவன் பத்து இலக்கங்களை வாசித்தான். மதிப்பெண், பிறந்த தேதி எல்லாம் ஒன்றாகிவிட்ட இருவரில் யார் முன்னே என்று சொல்லும் கடைசிக் கோல் அந்த எண். அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கணக்கு நோட்டை எடுத்து, அன்றைய மல்லாட்டை விலைக்குக் கீழே, ஒவ்வொரு இலக்கமாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.