நாக்கைக் கண்டு நடுங்க வேண்டாம்

பல்வலிக்கு மருத்துவரிடம் போன நம்மவரில் சிலர், நாக்கைப் பற்றிய பயத்தோடு திரும்புவதைக் கண்டிருக்கிறேன். நாக்கின் மேல் சிவப்புத் திட்டுகள், சுற்றிலும் வெண்ணிற விளிம்பு. இன்று ஓரிடத்தில், சில நாளில் வேறிடத்தில். தேசப்படம் போலிருப்பதால் இதை ‘ஜியாக்ரஃபிக் டங்’ என்பர். மருத்துவர் மலையாளத்தில் விளக்கியது பாதி புரிந்து, புற்றுநோயோ என்று வீடே கலங்கும்.

உண்மையில் இது தீங்கற்றது. நாக்கின் மேலுள்ள நுண்ணிய முளைகள் ஆங்காங்கே உதிர்ந்து மீண்டும் வளர்வதால் படம் மாறுகிறது. நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்கு இது உண்டு. தொற்றாது, புற்றாகவும் மாறாது. சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். நாக்கில் வெடிப்பு உள்ளவர்களிடமும், சொரியாசிஸ் என்னும் தோல்நோய் உள்ளவர்களிடமும் கூடுதலாகக் காணப்படும். காரமும் புளிப்பும் எரிந்தால் சில நாள் குறைத்துக்கொண்டால் போதும்.

அஞ்ச வேண்டியதை நாம் அஞ்சுவதில்லை என்பதே என் வருத்தம். தேயிலைக் காட்டிலும் வயல்வெளியிலும் வெற்றிலை, பாக்கு, புகையிலை நமக்குப் பழகிய துணை. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. இடம் மாறாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாய் திறக்கச் சிரமம் ஆகியவை வலி இல்லாவிட்டாலும் காட்டப்பட வேண்டியவை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளில் 1996 முதல் நடந்த வாய்ப் பரிசோதனை ஆய்வின் முடிவு 2005-இல் வெளிவந்தது. புகையிலை, மது பழக்கமுள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாம். பார்வையாலேயே உயிர் காக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே என் கோரிக்கை இது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத உரிமை தந்துள்ளது. சித்தூர், தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுகளில் தமிழில் அறிவிப்புப் பலகையும் துண்டறிக்கையும் வேண்டும் என்று சங்கங்கள் தமிழிலேயே மனு அனுப்பட்டும்.

அதுவரை, மாதம் ஒருமுறை கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். படம் போட்ட நாக்கென்றால் நிம்மதியாக இருங்கள். ஆறாத புண்ணென்றால் ஒரு நாள் கூலி போனாலும் போய்க் காட்டுங்கள்.