சட்டமன்றத்தில் ஒலித்த முதற் பெண்குரல்

மக்கள் பேராளர் ஒருவரை நாம் எதனைக் கொண்டு மதிப்பிடுகிறோம்? தெருவிளக்குப் போட்டாரா, திருமணத்திற்கு வந்தாரா, பரிந்துரைக் கடிதம் தந்தாரா என்பனவே நம் அளவுகோல்கள். அவையில் அவர் என்ன பேசினார், எந்தச் சட்டத்திற்கு வித்திட்டார் என்று கேட்பார் அரியர். ஆவடி என்னும் பெயரில் அமைந்த சட்டமன்றத் தொகுதி 2011ஆம் ஆண்டில் தன் முதல் தேர்தலைக் கண்டது. அங்கு வாக்களிக்கும் மாணவச் செல்வங்கள் இக்கேள்வியை எழுப்புதல் வேண்டும் என்பதே என் கருத்து.

இதற்குச் சான்றாக நிற்பவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், ஆடவரே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1926இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் முதற் பெண் உறுப்பினரானார், துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் அவையில் இருந்தது நான்காண்டுகளுக்கும் குறைவே. ஆயினும், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொணர்ந்தார். மரபும் கலையும் அழியும் என்று சத்தியமூர்த்தி போன்ற பெருந்தலைவர்களே எதிர்த்தனர். முத்துலட்சுமியோ நோயின் வேரை நாடினார். கோயிற் பணி செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டு, அப்பெண்களை அவ்வழக்கத்தோடு பிணைத்திருந்தது. பணி செய்யாமலே நிலம் அவர்களுக்கு உரிமையாக, 1929ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழி செய்தது. சோற்றுக்கு வழி காட்டாத சீர்திருத்தம் வெறும் சொல்லே என்பதை அவர் உணர்ந்திருந்தார். முஸ்லிம் மாணவியர்க்கு விடுதி வேண்டும் என வற்புறுத்தியவரும் அவரே. தம் சமூகம், பிறர் சமூகம் என்ற வேற்றுமை அவர்பால் இல்லை.

1930இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்தார், பணியைத் துறந்தாரல்லர். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லம் கண்டார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. தீர்மானத்திற்கும் சட்டத்திற்கும் இடையே இருபது ஆண்டுகள்! 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததும் அவர்தம் முயற்சியாலேயே. 1968இல் அவர் மறைந்தார்.

நியமன உறுப்பினர்தாமே, மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லரே என்று சிலர் கூறலாம். உண்மைதான். வாக்குக் கேட்டு வாராத ஒருவரே இத்துணை செய்தாரெனில், நம் வாக்கைப் பெற்றவரிடம் நாம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்! பதினெட்டு வயதில் வாக்குரிமை பெறும் இளைஞர்களே, அடுத்த முறை உங்கள் உறுப்பினரைக் காணும்போது கடிதம் கேளாதீர், "அவையில் எங்களுக்காக என்ன பேசினீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்வியே குடியாட்சியைக் காக்கும்.