தூரிகை எழுத்தும் மணமகள் பெயரும்

அண்மையில் ஒரு திருமண அழைப்பிதழைக் கண்டேன். தூரிகையால் தீட்டியது போன்ற அழகிய எழுத்து. ஆயினும் மணமகளின் பெயரிலுள்ள ‘கோ’வில், முன்னே நிற்கவேண்டிய இரட்டைக்கொம்பு பின்னே நின்றது. பெற்றோர் ஆசையோடு சூட்டிய பெயர் அலங்காரத்துக்குப் பலியாகலாமா?

டேப்லட் கணினியில் அழைப்பிதழ் ஆக்கும் மாணவர் ஒன்றை அறிதல் வேண்டும். தூரிகை எழுத்துருக்களிற் பெரும்பாலானவை உரோமன் எழுத்துக்கென அமைந்தவை. அவற்றைத் தமிழுக்கு இட்டால் எழுத்து உருக்குலையும். அன்றேல் கணினி வேறோர் எழுத்துருவைப் புகுத்திவிடும். ஆதலின் தமிழ் யூனிகோட் எழுத்துருவையே தேர்க. இலங்கைக் கலைஞர் தாரிக் அசீஸ் ஆக்கிய ‘கவிவனார்’ கையெழுத்துச் சாயலுடையது. திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பது.

தேர்ந்த எழுத்துருவில் ‘கோ’, ‘லீ’, ‘ணு’, ‘ஸ்ரீ’ என்பவற்றை முதலில் எழுதிப் பாருங்கள். இவை பிழையின்றி அமைந்தால் ஏனையவை பெரும்பாலும் அமையும். பெயர்களை மட்டும் தூரிகை எழுத்தில் பெரிதாக இடுக. நாள், நேரம், மண்டபம் என்பன எளிய எழுத்தில் இருத்தல் நன்று. ‘புரோகிரியேட்’ செயலியில் எழுத்தைப் படமாக மாற்றியபின் சொல்லைத் திருத்த இயலாது. எனவே மாற்றுமுன் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்க.

அச்சுக்குக் கொடுக்குமுன் வீட்டிலுள்ள பாட்டியாரிடம் காட்டுங்கள். அவர் தடுமாறாது வாசித்தாரெனின் உங்கள் தேர்வு சரியே. அழைப்பிதழ் வாசிப்பதற்கன்றோ!